காத்திருப்பதற்கென்று ஒரு சர்வர்

1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி வந்து நின்ற இடம், இன்று வாலாஜா ரோடு என்று வழங்கும் ஸ்டேஷன். அந்தப் பாதையே பின்னர் மேற்கே நீண்டு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பிரதேசத்தின் ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஜோலார்பேட்டைக்குச் சென்றது. இந்த ஊர்களின் தோல் வியாபாரத்திற்கு ரயில் செய்த உபகாரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் இக்காலத்தில் காட்பாடியில் வந்து இறங்குகிற கூட்டத்தைக் கவனிப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தோல் வியாபாரம் அன்று. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய தூரப் பிரதேசங்களிலிருந்து நோயாளிகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலையின் இன்றைய விஸ்தாரமான வடிவமாகிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நாடி வருகிறவர்களின் கூட்டமே அது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறத்துத் தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை தொங்காத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவர்களுக்கு வருகிற டிக்கெட் ஒரு பிரச்னை அல்ல. திரும்புகிற டிக்கெட்தான் பிரச்னை. வருகிற தேதியை அவர்களே நிச்சயம் செய்துகொள்ளலாம். திரும்புகிற தேதியை நிச்சயம் செய்கிறவர் டாக்டர். 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு செய்துகொள்ளலாம் என்கிற ரயில்வே விதியினால் இப்படிப்பட்டவர்களுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே அவர்கள் பயணத்திற்கு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறக்கிற தட்கல் முன்பதிவையே நம்பியிருக்கிறார்கள். அதே விநாடியில், அதே காரியத்திற்காக, தேசத்தின் மற்ற மூலைகளிலும் லட்சக்கணக்கானவர்கள் கைப்பேசியைத் தொட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், 10 மணி அடித்த அந்த ஒரு நிமிஷத்தில் ஐ.ஆர்.சி.டி.சி. என்கிற ரயில்வே ஸ்தாபனத்தின் சர்வர்கள் படுகிற பாடு ஒருவாறு விளங்கும்.

2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கிய அந்த ஸ்தாபனம், 2014-இல் தன் அமைப்பைப் புதுப்பித்தபோது, நிமிஷத்திற்கு 2,000 டிக்கெட்டாக இருந்த திறன் 7,200 ஆக உயர்ந்ததாகவும், ஒரே சமயத்தில் 40,000 பேருக்குப் பதிலாக 1,20,000 பேர் உள்ளே இருக்கலாம் என்றும் அறிவித்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி காலை 10 மணிக்கு, ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. விநாடிக்கு 530 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சாதனையை வெளியிட்ட ரயில்வே அறிக்கையில், அதிகமாக யாரும் கவனித்திராத ஒரு வாக்கியம் இருந்தது: மாறாத தன்மையுள்ள கோப்புகளில் 87 சதவிகிதம் இப்போது பிரதான சர்வர்களிலிருந்து அனுப்பப்படுவதில்லை, அவற்றுக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருக்கும் வேறு சர்வர்களின் வலை ஒன்றிலிருந்தே அனுப்பப்படுகிறது என்பது அதன் சாரம். இந்தக் கட்டுரையின் விஷயம் அந்த ஒரு வாக்கியம்தான். (பெர்த்துகளின் எண்ணிக்கை அதனால் ஒன்றுகூடக் கூடிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் கிடைக்காதவர் முன்பு ஐந்து நிமிஷம் கழித்து அறிந்த ஏமாற்றத்தை இப்போது ஐந்து விநாடியில் அறிகிறார்.)

ஒரு வலைப்பக்கம் நம் கைப்பேசியின் திரையில் வந்து நிற்கும்போது அது ஒரே பொருளாகத் தோன்றினாலும், உண்மையில் அது பல துண்டுகளின் சேர்க்கை. ஸ்தாபனத்தின் சின்னம், எழுத்துருக்கள், வர்ணங்களையும் பொத்தான்களையும் ஒழுங்கு செய்கிற கோப்புகள், நிலையங்களின் பெயர்ப்பட்டியல் போன்றவையெல்லாம் நேற்றும் அவையே, இன்றும் அவையே. காட்பாடிக்காரருக்கும் கௌஹாத்திக்காரருக்கும் அவையே. இவற்றைக் கொடுப்பதற்கு எந்தச் சிந்தனையும் வேண்டியதில்லை. வட்டில் இருப்பதை எடுத்து அனுப்பினால் போதும். ஆனால் ஹவுரா செல்லும் வண்டியில் நாளைக்கு எத்தனை இடம் மிச்சமிருக்கிறது என்கிற கேள்விக்கு விடை ஒவ்வொரு விநாடியும் மாறுகிறது. அதைச் சொல்வதற்கு ஒரு நிரல் ஓடவேண்டும், தரவுத்தளத்தைக் கேட்கவேண்டும், கேட்டவர் யாரென்று சோதிக்கவேண்டும், ஒரே பெர்த்தை இருவருக்கு விற்றுவிடாமல் பூட்டுப் போடவேண்டும். முதல் வகை வேலையைச் செய்வது வெப் சர்வர். இரண்டாம் வகை வேலையைச் செய்வது அப்ளிகேஷன் சர்வர்.

ஆதியில் இந்தப் பேதம் இல்லை. 1990-இல் ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் வெப் சர்வருக்குத் தெரிந்த வித்தை, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பது ஒன்றே. 1993-ஐ ஒட்டி அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. கூடத்தில், வருகிறவர் கேட்கும் கேள்விக்குத் தக்கபடி ஒரு நிரலை ஓட்டி விடையைத் தயாரிக்கும் சி.ஜி.ஐ. என்கிற முறை பிறந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த நிரல் புதிதாக எழுந்து, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். ஆயிரம் கேள்விக்கு ஆயிரம் ஜனனமும் ஆயிரம் மரணமும். இந்த விரயத்தைத் தவிர்ப்பதற்காகவே, நிரலை நினைவகத்தில் நிரந்தரமாக வைத்துக்கொண்டு, தரவுத்தளத்தோடு எப்போதும் தொடர்பில் இருக்கிற அப்ளிகேஷன் சர்வர்கள் வந்தன. ஜாவா மொழியைத் தோற்றுவித்த சன் கம்பெனி 1999-இல் தன்னிடமிருந்த அத்தகைய சர்வர் ஒன்றை அபாச்சி ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. டாம்கேட் என்கிற பெயரோடு அது இன்றளவும் உலகெங்கும் உழைத்து வருகிறது.

டாம்கேட்டின் இளமைக் காலத்தில் அதனை நேரே இணையத்தின் முன் நிறுத்தியவர்கள் குறைவு. 1995 முதல் பிரசித்தியடைந்திருந்த அபாச்சி வெப் சர்வரை முன்னாலும், டாம்கேட்டைப் பின்னாலும் வைத்து, இரண்டையும் ஓர் இணைப்பு நிரலால் சேர்ப்பதே சம்பிரதாயமாக இருந்தது. படங்களையும் கோப்புகளையும் கொடுப்பதில் அபாச்சி வேகமானது, டாம்கேட் மந்தமானது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். பிற்பாடு டாம்கேட் அந்த வேலையிலும் நன்றாகத் தேறிவிட்டது, காரணம் மறைந்துவிட்டது, ஆனால் ஏற்பாடு மறையவில்லை. ஒரு வழக்கம் அதன் காரணம் செத்த பின்பும் உயிரோடிருப்பது நம் நாட்டில் ஆச்சரியமான விஷயம் அல்லவாயினும், இந்த இடத்தில் அது வெறும் வழக்கமாக நிற்கவில்லை. முதலில் சொல்லப்பட்ட காரணத்தைக் காட்டிலும் பலமான வேறொரு காரணம் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தது. அதைப் புரிந்துகொள்வதற்குக் காட்பாடியை விட்டு ஆம்பூருக்குப் போகலாம்.

ஆம்பூரில் காலணிகளை ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அது டாம்கேட்டில் ஓடும் ஒரு செயலியை வைத்திருக்கிறது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் உள்ள கொள்முதல்காரர்கள் அதில் நுழைந்து புதிய மாதிரிகளின் படங்களைப் பார்க்கிறார்கள். தாங்கள் கொடுத்த ஆர்டர் கட்டிங்கில் இருக்கிறதா, தையலில் இருக்கிறதா, பெட்டியில் ஏறிவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். தொழிற்சாலையின் சூபர்வைசர்கள் அன்றன்றைய கணக்கைக் கைப்பேசியிலிருந்து பதிகிறார்கள். பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் உள்ள டேனரிகளிலிருந்து வந்த தோலின் தரத்தைப் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். செயலி ஒவ்வொரு கேள்வியையும் கவனிக்க ஒரு த்ரெட்டை, அதாவது தன்னிடமுள்ள வேலையாட்களில் ஒருவரை, ஏவுகிறது. டாம்கேட்டில் சாதாரணமாக 200 த்ரெட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் செயலியின் முழுச் சாமர்த்தியத்தையும் உடையது, தரவுத்தளத்தோடு பேசவல்லது, ஆகவே விலை உயர்ந்தது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கொள்முதல்காரர் கேட்ட விலைப்பட்டியலை, படங்களோடு சேர்த்து மூன்று எம்.பி. அளவுள்ள ஒரு பி.டி.எஃப். ஆகத் தயாரிப்பதற்குச் செயலிக்கு 50 மில்லி விநாடி ஆகிறது என்றும், அதைக் கேட்டவரின் மந்தமான இணைப்பு வழியாக முழுவதும் அனுப்பி முடிக்க 5 விநாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தத் த்ரெட் உழைத்தது 50 மில்லி விநாடி. மிச்ச நேரமெல்லாம், தயாரித்த பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு, அடுத்த துண்டை வாங்கிக்கொள்ள எதிர்முனை எப்போது தயாராகும் என்று பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. 200 பேரும் இப்படி நின்றால், நிறுவனத்தின் சர்வர் விநாடிக்கு 40 பேருக்குமேல் பதில் சொல்ல முடியாது. 201-ஆவதாக வருகிறவர், ஆர்டர் எண்ணைச் சரிபார்ப்பது போன்ற க்ஷண நேரத்து வேலைக்கு வந்தவராக இருந்தாலும், வரிசையில் நிற்கத்தான் வேண்டும். இயந்திரத்தின் சி.பி.யு. ஆகிய மையச் செயலியோ அந்த நேரத்தில் பெரும்பாலும் ஓய்வாக இருக்கும்! நிர்வாகி பார்க்கிறார்; இயந்திரம் சூடாகவில்லை, நினைவகம் நிரம்பவில்லை, ஆயினும் தளம் திறக்கவில்லை; இன்னும் பெரிய இயந்திரம் வாங்கலாமா என்று யோசிக்கிறார். பெரிய இயந்திரமும் அதே மாதிரி சும்மா நிற்கும் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

டேனரியில் இப்படிப்பட்ட தவறை யாரும் செய்வதில்லை. பதனிட்டு நீலம் பாய்ந்த தோலை ஷேவிங் மிஷினில் கொடுத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குகூடப் பிசகாமல் ஒரே கனத்துக்குச் சீவி எடுப்பவர் அருமையான கைத்தேர்ச்சி உள்ள மனிதர். அவரைக் கூப்பிட்டு, லாரியிலிருந்து உப்புத் தோலை இறக்கி முடியும் வரையில் கேட்டருகே நின்று எண்ணிக்கொண்டிரு என்று எந்த முதலாளியும் சொல்லமாட்டார். இறக்குவதற்கும் எண்ணுவதற்கும் வேறு ஆட்கள் உண்டு. அவர்கள் லாரி எத்தனை நேரம் தாமதித்தாலும் இருப்பார்கள். சீவுகிறவரின் மிஷின் அதற்காக நிற்பதில்லை.

அப்ளிகேஷன் சர்வருக்கு முன்னால் ஒரு வெப் சர்வரை நிறுத்துவதன் தாத்பரியம் இதுதான். முன்னால் நிற்கிற சர்வர், வருகிறவரின் கேள்வியை, அது எத்தனை மெதுவாக வந்தாலும், முழுவதும் வாங்கி வைத்துக்கொள்கிறது; முழுக் கேள்வியையும் ஒரே வீச்சில் பின்னாலுள்ள டாம்கேட்டிடம் தருகிறது; டாம்கேட் 50 மில்லி விநாடியில் விடையைத் தயாரித்து, ஒரே இயந்திரத்துக்குள்ளேயே அதிவேகமாக முன் சர்வரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது; அந்த விடையை மிலானிலோ, குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலோ இருக்கிற ஒருவரின் கைப்பேசிக்கு ஐந்து விநாடியோ ஐம்பது விநாடியோ எடுத்துச் சொட்டுச் சொட்டாக அனுப்புகிற பொறுப்பு முன் சர்வருடையது. விடை மிகச் சிறிய பக்கமாக இருந்தால் இயங்குதளமே அதைத் தன் கிடங்கில் வாங்கிக்கொண்டு த்ரெட்டை விடுவித்துவிடும். அப்போது இந்த லாபம் அற்பம். படங்களும் பெரிய கோப்புகளும் நிறைந்த காலணி வியாபாரத்தில்தான் அதன் அருமை தெரியும்.

அப்படியானால் முன் சர்வரும் காத்திருக்கத்தானே வேண்டும், அதனிடம் மட்டும் அத்தனை ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய அபாச்சியும் ஒரு வருகைக்கு ஓர் ஆள் என்கிற முறையிலேயே இயங்கியதால், கூட்டம் பெருகியபோது அதுவும் திணறத்தான் செய்தது. 1999-இல் டான் கெகெல் என்கிற அமெரிக்க நிரலாளர், ஒரே இயந்திரத்தில் ஒரே சமயத்தில் 10,000 பேரைக் கவனிக்க ஏன் முடியக்கூடாது என்கிற கேள்வியைப் பகிரங்கமாக எழுப்பி, அதற்கு அனுகூலமான வழிகளையெல்லாம் தொகுத்து வெளியிட்டார். இயந்திரத்தின் வன்மை அதற்குப் போதும், குறை நிரலின் அமைப்பில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. அந்தச் சவாலை நிறைவேற்றிக் காட்டியவர்களுள் முக்கியமானவர், மாஸ்கோவில் ராம்ப்ளர் என்கிற தேடுதளத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருந்த இகோர் சிசோயெவ். 2002-இல் தொடங்கி, அவர் தன் அலுவலகத் தேவைக்காக எழுதி, 2004 அக்டோபர் மாதத்தில் யாவருக்கும் இலவசமாக வழங்கிய சர்வரின் பெயர் என்ஜின்-எக்ஸ்.

அதன் யுக்தி பின்வருமாறு: ஒருவருக்கு ஓர் ஆள் என்று வைக்காமல், மையச் செயலியின் ஒவ்வொரு கருவுக்கும் ஒரே ஓர் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த ஆள் ஆயிரக்கணக்கான இணைப்புகளின் பட்டியலை முன்னால் விரித்து, எவருடைய இணைப்பில் இப்போது ஏதாவது நடந்திருக்கிறது என்பதை இயங்குதளத்திடம் கேட்டு, நடந்தவர்களை மட்டும் கவனிக்கிறான். ஒன்றும் நடக்காதவருக்காக அவன் ஒரு கணமும் செலவழிப்பதில்லை. சும்மா திறந்திருக்கிற 10,000 இணைப்புகளை வைத்துக்கொள்ள என்ஜின்-எக்ஸுக்கு வேண்டிய நினைவகம் சுமார் 2.5 எம்.பி. என்று அதைத் தயாரித்தவர்களே கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஜாவாவில் ஒரு த்ரெட்டுக்கு வழக்கமாக 1 எம்.பி. அடுக்கு நினைவகம் ஒதுக்குவதால், அதே 10,000 பேருக்கு ஒதுக்கீட்டளவில் 10 ஜி.பி. வேண்டியிருக்கும். காத்திருப்பதற்கு ஆகும் செலவில் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, காத்திருக்கிற வேலையை எவரிடம் கொடுப்பது என்பதில் சந்தேகத்துக்கு இடமேது? 2023-இல் வெளிவந்த ஜாவாவின் 21-ஆம் பதிப்பு, மிகச் சல்லிசான த்ரெட்டுகளைக் கொண்டுவந்து இந்த வித்தியாசத்தைப் பெருமளவு குறைத்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பழைய செயலிகள் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. அன்றியும், முன் சர்வருக்கு வேறு அலுவல்களும் வந்து சேர்ந்துவிட்டன.

அவற்றில் ஒன்று பந்தோபஸ்து. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 1024-க்குக் கீழ்ப்பட்ட போர்ட் எண்களை, அதாவது இயந்திரத்தின் வாசல் எண்களை, திறக்கும் அதிகாரம் மரபுப்படி ரூட் என்கிற சர்வாதிகாரிக்கு மட்டுமே உண்டு. இணையத்தில் வருகிறவர்கள் வந்து தட்டுகிற போர்ட்டுகளோ 80-உம் 443-உம். டாம்கேட் நேரே அந்தப் போர்ட்டுகளில் நிற்க வேண்டுமென்று அதை ரூட் அதிகாரத்தோடு ஓட்டினால், செயலியில் எங்கோ ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறவனுக்கு இயந்திரம் முழுவதும் சொந்தமாகிவிடும். என்ஜின்-எக்ஸில் போர்ட்டைத் திறக்கிற தலைமைச் செயல்முறை மட்டும் ரூட் அதிகாரத்தோடு இருக்க, உண்மையில் வெளியாரோடு பேசுகிறவை அதிகாரமற்ற சாமானியச் செயல்முறைகள். டாம்கேட் 8080 என்கிற போர்ட்டில், அதே இயந்திரத்துக்குள் மட்டும் கேட்கும்படியாக, அமைதியாக வேலை செய்யலாம். இந்த "உள்ளே மட்டும்" என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அபாச்சியும் டாம்கேட்டும் தங்களுக்குள் பேசுவதற்கென்று வைத்திருந்த 8009 என்கிற போர்ட், டாம்கேட்டை நிறுவியவுடன் தானாகவே வெளியுலகத்துக்கும் திறந்திருந்தது. அதன் வழியாகச் செயலியின் அந்தரங்கக் கோப்புகளைப் படிக்க முடியும் என்று 2020-இல் வெளியான செய்தி, கோஸ்ட்கேட் என்கிற பெயரோடு உலகெங்கும் நிர்வாகிகளைக் கலங்கச் செய்தது. முன்னால் ஒரு சர்வரை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் தாளிடாதிருந்தால் அந்த ஏற்பாட்டின் பயன் பாதி போய்விடுகிறது.

இன்னொன்று, செய்திகளை இடையில் எவரும் படிக்காதபடி மறைத்து அனுப்புகிற குறியாக்கம். அதற்குரிய சான்றிதழை வைத்துக்கொள்வது, உரிய காலத்தில் புதுப்பிப்பது எல்லாம் முன் சர்வர் ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது. பின்னால் ஒரு செயலி இருந்தாலும் பத்துச் செயலிகள் இருந்தாலும் அவை இந்தத் தொல்லையை அறியவேண்டியதில்லை. ஆம்பூர் நிறுவனம் தன் படங்களையும் வடிவமைப்புக் கோப்புகளையும் ஒரு தனி அடைவில் வைத்து, இவற்றை நீயே கொடுத்துவிடு என்று என்ஜின்-எக்ஸுக்கு உத்தரவிட்டுவிட்டால், பக்கம் ஒன்றைத் திறக்கும்போது எழுகிற கேள்விகளில் பெரும்பகுதி டாம்கேட்டின் காதுக்கே எட்டாது. ரயில்வே செய்ததும் இதுவே. அவர்கள் முன் சர்வர்களை ஒரே இடத்தில் வைக்காமல் பயணிகளுக்குச் சமீபமான பல ஊர்களில் பரப்பி வைக்கிற கம்பெனி ஒன்றின் சேவையை வாங்கினார்கள் என்பது மட்டும் வித்தியாசம். தட்கல் தொடங்கிய முதல் ஐந்து நிமிஷங்களில் உள்ளே நுழைய முயல்கிறவற்றில் பாதி வரை மனிதர்கள் அல்லாத தானியங்கி நிரல்கள் என்று அந்த அறிக்கையே கூறுவதால், அவற்றையும் டிக்கெட் விற்கிற சர்வரை எட்டவிடாமல் முன்வரிசையிலேயே வடிகட்டுவது அவசியமாயிற்று.

இத்தனை சௌகரியங்களைச் சொன்ன பிறகு, இந்த ஏற்பாடு கொண்டுவரும் உபத்திரவங்களையும் சொல்லாமல் விட்டால் அது விளம்பரமாகிவிடும். முன் சர்வரை நிறுத்திய மறுநாள் ஆம்பூர்ச் சூபர்வைசர் தோலின் படத்தை ஏற்றுகிறார். கோப்பு மிகப் பெரிது என்று 413-ஆம் எண்ணுள்ள பிழை வருகிறது. செயலியில் அப்படி ஒரு வரம்பே இல்லையே என்று நிரலாளர் சத்தியம் செய்கிறார். வரம்பு என்ஜின்-எக்ஸினுடையது, வேறு உத்தரவு இல்லாவிட்டால் 1 எம்.பி.-க்கு மேற்பட்டதை அது வாங்காது. இக்காலத்துக் கைப்பேசியில் எடுத்த ஒரு சாதாரணப் படமே அதைத் தாண்டிவிடும். மாதக் கடைசியில் கணக்கர் ஒரு பெரிய அறிக்கையைக் கேட்கிறார். அதைத் தயாரிக்கச் செயலிக்கு ஒன்றரை நிமிஷம் ஆகிறது. என்ஜின்-எக்ஸோ 60 விநாடி பார்த்துவிட்டு, பின் சர்வர் பதில் சொல்லவில்லை என்று 504-ஐக் காட்டிவிடுகிறது. கணக்கர் மறுபடி அழுத்துகிறார். முதல் அறிக்கை பின்னால் இன்னும் தயாராகிக்கொண்டே இருக்க, இரண்டாவதும் தொடங்குகிறது. காலக்கெடுவை முன்னும் பின்னும் ஒத்துப்போகும்படி வைக்காத இடங்களில் இந்த விபரீதம் மாதந்தோறும் நடப்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். அதைவிடச் சிறந்த பரிகாரம், அறிக்கையைத் தயாரிக்கும் வேலையைத் தனியே ஒரு வரிசையில் போட்டுவிட்டு, தயாரானதும் கணக்கருக்குத் தெரிவிப்பது. ஆனால் அது செயலியைத் திருத்துகிற காரியம், முன் சர்வரால் ஆகாது.

வருகிறவர்களின் முகவரி மறைந்துபோவது மற்றொரு தொல்லை. டாம்கேட்டின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால், மிலானிலிருந்து வந்தவரும் மேல்விஷாரத்திலிருந்து வந்தவரும் ஒரே முகவரியிலிருந்து, அதாவது முன் சர்வரிடமிருந்து, வந்தவர்களாகவே பதிவாகியிருப்பார்கள். தவறான கடவுச்சொல்லைப் பலமுறை கொடுத்த முகவரியைத் தடைசெய் என்று செயலியில் ஒரு விதி இருந்தால், எவனோ ஒரு போக்கிரி செய்த சேஷ்டைக்காக அது முன் சர்வரையே தடைசெய்து, உலகம் முழுவதையும் வெளியே நிறுத்திவிடும். உண்மை முகவரியை ஒரு குறிப்பாக எழுதி உள்ளே அனுப்பும்படி முன் சர்வருக்கு உத்தரவிடலாம். ஆனால் வெளியிலிருந்து வருகிறவர் தாமே எழுதிக்கொண்டு வந்த பொய்க் குறிப்பைச் செயலி நம்பிவிடாதபடி, முன் சர்வர் எழுதியதை மட்டும் நம்பவேண்டும் என்றும் கூடவே விதிக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் அபாயமானது, ஒருவருக்குத் தயாரித்த விடையை நகலெடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே கொடுத்துவிடுகிற வசதி. எல்லோருக்கும் பொதுவான பக்கங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஒருவருக்கே உரிய பக்கத்தை இப்படி வைத்துவிட்டால்? 2015-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில், ஸ்டீம் என்கிற பிரபலமான கணினி விளையாட்டுக் கடையில், தாக்குதல் ஒன்றைச் சமாளிப்பதற்காக முன் சர்வர்களின் நகலெடுக்கும் விதியை அவசரமாக மாற்றியதில் பிசகு நேர்ந்து, சுமார் 34,000 பேர் கேட்ட பக்கங்களில் இருந்த சொந்த விவரங்கள் வேறு யாரோ பார்க்கும்படி ஆயிற்று. சர்வர்கள் எவையும் உடையவில்லை. திருடன் எவனும் உள்ளே நுழையவில்லை. தப்பான விதி ஒன்றே போதுமாயிருந்தது. ஆம்பூரில் ஒரு கொள்முதல்காரருக்குக் கொடுத்த விலையை அவருடைய போட்டியாளர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எந்த ஏற்றுமதிக்காரரிடமும் விளக்கத் தேவையில்லை. உள்நுழைந்தவர்கள் பார்க்கிற பக்கங்களை முன் சர்வர் நகலெடுக்கவே கூடாது என்பதில் தாட்சண்யம் வேண்டாம்.

ஆகவே இது எல்லோருக்கும் அவசியமா என்றால், இல்லை என்பதே என் அபிப்பிராயம். வாணியம்பாடியில் ஒரு டேனரியின் ஆபீஸில் பத்துப் பேர் மட்டும், கட்டிடத்துக்குள்ளேயே உள்ள கம்பியின் வழியாகச் சரக்கிருப்புக் கணக்கைப் பார்க்கிறார்கள் என்றால், அங்கே டாம்கேட்டே தனியாகப் போதும். கவனித்துக்கொள்ள இன்னொரு நிரலையும், அதன் பிழைகளையும், அதன் புதுப்பிப்புகளையும் தலையில் கட்டுவதில் லாபம் இல்லை. வெளியுலகத்துக்குத் திறந்த செயலி ஒன்று இருந்தால் அப்போது பேச்சே வேறு. அதற்காகப் பெரிய செலவு செய்யவேண்டும் என்பதும் இல்லை. இருக்கிற அதே இயந்திரத்தில் என்ஜின்-எக்ஸையும் நிறுவி இருபது முப்பது வரிகளில் அதற்கு வேண்டிய விதிகளை எழுதிவிடலாம்.

அப்படி நிறுவியவர்கள் சில மாதங்களில் வேறொரு சௌகரியத்தையும் கண்டுகொள்கிறார்கள். செயலியைத் திருத்திப் புதிய பதிப்பை ஏற்றவேண்டுமானால் டாம்கேட்டைச் சிறிது நேரம் நிறுத்துவதே பெரும்பாலும் வழக்கம். உள்ளூர் வியாபாரமானால் இரவில் நிறுத்தலாம். ஆம்பூரில் இரவு பத்து மணி என்பது ஜெர்மனியில் இன்னும் மாலை நேரம், அமெரிக்காவிலோ முற்பகல், எந்த வேளையில் நிறுத்தினாலும் எங்கோ ஒரு கொள்முதல்காரர் தன் மேஜைக்கு முன் உட்கார்ந்திருப்பார். 8080-இல் ஒரு டாம்கேட், 8081-இல் இன்னொன்று என்று இரண்டை ஓட்டினால், முதலாவதை நிறுத்திப் புதுப்பிக்கும்போது முன் சர்வர் எல்லோரையும் இரண்டாவதற்கு அனுப்பும். அது முடிந்ததும் இரண்டாவதைப் புதுப்பிக்கலாம். வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது, ஆனால் ஒன்று. யார் உள்நுழைந்திருக்கிறார் என்கிற விவரத்தை ஒவ்வொரு டாம்கேட்டும் தன் நினைவகத்திலேயே வைத்திருந்தால், மாற்றி அனுப்பப்பட்டவர் மறுபடியும் கடவுச்சொல் கேட்கப்பட்டுத் திகைப்பார். அந்த விவரத்தை இரண்டுக்கும் பொதுவான தரவுத்தளத்தில் வைக்கும்படி முதலிலேயே செய்துகொள்வது நலம். பாதி நிரப்பிய ஆர்டர் படிவம் காணாமற்போய் ஹாம்பர்க்கிலிருந்து டெலிபோன் வந்த பிறகு செய்தால் சிரமம் இரட்டிப்பாகும்.